வெளிநாட்டு ஆசானிடம் குங்ஃபூ பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வன்னியில் குங்ஃபூ பழகும் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு ஆசான் ஒருவர் கிடைப்பது லேசில் வாய்ப்பதில்லை. கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் வந்து சேருவார், சில நாள் கற்பிப்பார், போய்விடுவார். புதிய மாணவர்கள் அந்தச் சில நாளையும் வீணாக்கும் விதம் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோலவே இருக்கிறது. நேரத்துக்கு வா, நகத்தை வெட்டு என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

வணக்கம்

வலக்கை முஷ்டி, இடக்கை விரித்த உள்ளங்கை. மாற்றிப் பிடிக்காதீர்கள், சீன மரபில் ஆண்கள் அப்படிப் பிடிப்பது இழவு வீட்டில்.

ஆசானின் ஆழத்துக்கு இறங்குவது

இதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை.

மா பூ எனும் குதிரை நிலையில் ஆசான் நிற்கிறார். தொடை தரைக்குச் சமாந்தரமாக இருக்கிறது. அவர் பார்க்கிறார் என்ற நினைப்பில் முன்வரிசைப் பையனும் அதே அளவு இறங்குகிறான். என்னிடம் வருபவர்களில் பலர் முதலில் கராத்தே பழகியவர்கள். கராத்தேயில் இதையொத்த ஷிக்கோ டாச்சி எனும் நிலையில் பாதங்கள் ஏறத்தாழ 45 பாகை வெளியே திரும்பியிருக்கும், இடுப்பு இலகுவாக இறங்கும். மா பூவிலோ கால்விரல்கள் நேர் முன்னே பார்க்க வேண்டும். ஆசான் வந்து பாதத்தை நேராக்கிவிடுகிறார். பையன் பழைய ஆழத்தை விட மறுக்கிறான். இடுப்பு அந்த அளவுக்கு இடம் கொடுக்காதபோது முழங்கால்கள் உள்ளே சரிகின்றன.

மாங்குளம் பக்கத்து மாணவன் ஒருவனுக்கு இதுதான் நடந்தது. ஆசான் அவன் முன்னே குந்தி, இரண்டு விரலால் முழங்காலை வெளியே தள்ளி, இடுப்புப் பட்டியைப் பிடித்து ஒரு சாண் மேலே தூக்கிவிட்டார். அவர் அடுத்த வரிசைக்கு நகர்ந்ததும் அவன் மறுபடி இறங்கிவிட்டான். மறுநாள் அந்த ஆழத்திலிருந்து கொங் பூ எனும் வில் நிலைக்குத் திரும்பும்போது, பின்பாதம் சீமெந்துத் தரையில் ஒட்டி நிற்க இடுப்பு மட்டும் திரும்பியது. முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கி, சவ்வு கிழிந்தது. மிச்ச நாட்களைச் சுவரோரக் கதிரையில் இருந்து பார்த்தான். அந்த முறை காலபோக அறுவடைக்குத் தகப்பன் கூலிக்கு ஆள் பிடித்தார்.

திருத்தம் கையில் கிடைத்தும் உதறிவிட்டானே என்று நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அத்தனை தூரம் வந்த மனிதர் அவனுக்குக் கொடுத்த மிகப் பெரிய பொருள் அந்த ஒரு சாண்தான்.

நிலையில் நின்றபடி கண்ணை மட்டும் தாழ்த்திப் பாருங்கள். முழங்கால் பெருவிரலுக்கு உட்பக்கமாகத் தெரிந்தால், அது கால்விரல்களின் நேருக்கு வரும்வரை எழும்புங்கள். இன்றைக்கு உங்கள் உயரம் அதுதான். திரும்பும்போது பின் குதிகாலைத் தள்ளி, பாதத்தையும் இடுப்போடு சேர்த்துத் திருப்புங்கள்.

பாணிகளைக் கலப்பது

போன முறை வந்தவர் விங் சுன் எனும் குங்ஃபூ பாணியின் ஆசானாக இருந்தால் முழங்காலை உள்நோக்கி வைக்கச் சொல்லியிருப்பார். அது உயரமாக நிற்கும் நிலை, அங்கே அது சரி. அதை ஷாவோலின் பாணி ஆசானிடம் கொண்டுபோய், "முன்னே வந்தவர் இப்படித்தான் சொன்னார்" என்று வாதாட வேண்டாம்.

கைப்பேசி

அனுமதி கேட்டு, ஆசானின் பின்னால் நின்று எடுங்கள். முன்னால் நின்று எடுத்த காணொளியைப் பார்த்து வீட்டில் பழகும்போது இடம் வலம் குழம்புகிறது.

அவரைச் சண்டைக்கு அழைப்பது

கூடாது.

விளங்காமல் தலையாட்டுவது

இன்னொரு முறை செய்துகாட்டச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். அப்படிக் கேட்டதற்காக எந்த ஆசானும் கோபித்து நான் கண்டதில்லை. கையை உயர்த்துங்கள்.

கடைசி நாள்

படம் எடுக்க ஓடுவதற்கு முன், அவர் திரும்பி வரும்வரை நீங்கள் எதைப் பழக வேண்டும் என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றைக் கேட்டால் போதும்.