காதுகுத்துக்கு வரும் போட்டோகிராபரிடம் முன்பே பேச வேண்டியவை

பெங்களூரில் வருகிற போட்டோகிராபர் கன்னடக்காரர் என்றால் நம் சடங்கின் வரிசை அவருக்குப் பிடிபடாமல் போகலாம். முதல் நாளே சொல்லிவிடுங்கள்: மொட்டை, சந்தனம், தாய்மாமன் மடி, பிறகு காது. ஆசாரி குத்துவது ஓரிரு நொடிதான். அதற்குள் சொந்தக்காரர்கள் செல்போனோடு சூழ்ந்து மறைத்துவிடுவார்கள். மாமனுக்கு எதிரே நாலடி இடத்தை ஒருவர் நின்று காக்கட்டும். அடுத்த காதுக்கு ஆசாரி பக்கம் மாறும்போது கேமராவும் மாற வேண்டும்.

சிவப்புச் சாமியானா வேண்டவே வேண்டாம். துணி வழியே வரும் வெயில் முகமெல்லாம் சிவப்படிக்கும், பிறகு சரிசெய்வது பெரும்பாடு. வெள்ளைத் துணி கேளுங்கள்.

குரூப் போட்டோ பட்டியலை எல்லாரையும் அறிந்த சித்தப்பாவிடம் கொடுங்கள். தாத்தா பாட்டி முதலில். பந்திக்குப் போனால் திரும்பக் கூப்பிடுவது கஷ்டம். போட்டோகிராபருக்கும் இலை போடச் சொல்லுங்கள். பாக்கிப் பணம், படங்களைத் திறந்து பார்த்த பிறகு.