நகராட்சியில் புகார் நடைமுறையைத் திருத்துகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான நடைமுறையை நகராட்சி, பேரூராட்சி அலுவலகங்கள் திருத்தி எழுதும்போது, அந்தப் புகார்களை விசாரிக்கும் அலுவலகக் குழுவில் (விசாகா கமிட்டி என்பார்கள்) வெளியிலிருந்து வரும் உறுப்பினர் என்ற முறையில் வரைவு என் கைக்கும் வரும். பொறுப்புக்குப் புதிதாக வருகிறவர்களும் பழைய வரைவில் இருந்த அதே வரிகளையே எழுதுகிறார்கள். குழுத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், குழுவில் பாதிப்பேராவது பெண்கள் வேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

"அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லை"

எனக்கு இன்றைக்கும் கோபம் வரவைப்பது இதுதான். வரைவின் முதல் பத்தியிலேயே "இந்த அலுவலகப் பணியாளர்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரியில், விடியற்காலை வருகைப்பதிவுக்கு நிற்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், கொசு ஒழிப்புக்கு வீடு வீடாகப் போகிறவர், அவுட்சோர்சிங் கணினி இயக்குநர் எல்லாரும் வெளியே போய்விடுகிறார்கள்.

ஒரு நகராட்சியில் நடந்தது. மேற்பார்வையாளர் மீது ஒரு தூய்மைப் பணியாளர் மனு கொடுத்தார். தபால் பிரிவில் முத்திரை விழுந்தது, சுகாதாரப் பிரிவுக்குப் போனது, அங்கே மனுவின் ஓரத்தில் "ஒப்பந்ததாரர் விளக்கம் பெறுக" என்று எழுதி, பெயர், வார்டு, நடந்த சம்பவம் எல்லாம் அப்படியே தெரியும் நகலை ஒப்பந்ததாரருக்கே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலையில் அந்த அம்மாவுக்கு வேலை இல்லை. கோப்பு சுற்றிச் சுற்றி விசாகா கமிட்டிக்கு வந்தபோது, சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்ற காலக்கெடு முடிந்துவிட்டது என்று ஒரு குறிப்பும் கூடவே வந்தது.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு இடமே வைக்கவில்லை. தினக்கூலி, தற்காலிகம், ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர், பயிற்சியாளர் எல்லாரும் அதன்படி பணியாளர்தான். வேலை நிமித்தம் போகிற தெருவும், வேலைக்குக் கூட்டிப் போகிற வண்டியும் பணியிடம்தான். புகாரின் விவரத்தை வெளியே விடக் கூடாது என்று 16ஆம் பிரிவு சொல்கிறது.

அதனால் வரைவில் வெளிப்படையாக எழுதுங்கள்: யார் மூலம் வேலைக்கு வந்தவராக இருந்தாலும் புகார் இந்தக் குழுவுக்கு வரும்; எந்தப் பிரிவில் மனு கொடுத்தாலும் உறையில் போட்டு ஒட்டி நேராகக் குழுத் தலைவரிடம் போக வேண்டும், யாரிடமும் விளக்கம் கேட்கக் கூடாது; முதலில் முத்திரை விழுந்த நாள்தான் புகார் நாள். புகார் கொடுப்பதற்கான காலக்கெடுவைக் குழு காரணத்தை எழுதி வைத்து இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம் என்பதையும் சேருங்கள். அப்புறம் டெண்டர் ஒப்பந்தத்திலேயே, விசாரணை முடியும்வரை புகார் கொடுத்தவரை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது, குழுவின் பரிந்துரைக்கு ஒப்பந்ததாரர் கட்டுப்பட வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் காகிதத்தோடு நின்றுவிடும்.

ஆறு நகல் இல்லை என்று திருப்பி அனுப்புவது

புகாரை ஆறு நகலாகக் கொடுக்க வேண்டும் என்று விதியில் இருக்கிறது, சரி. ஜெராக்ஸ் அலுவலகத்திலேயே இருக்கிறதே, எடுத்துக் கொடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுப்பதும் குழுவின் கடமை.

"பேசி முடிச்சுக்கலாம்"

புகார் கொடுத்த பெண் தானே கேட்டால் மட்டும். பணம் கொடுத்து முடிப்பது கூடவே கூடாது.

மாறுதலாகிப் போனவர் பெயர் பலகையில்

குழு உறுப்பினர் மாறுதலாகிப் போனால், அறிவிப்புப் பலகையில் அவர் பெயரை உடனே மாற்றுங்கள்.

ஆணையர் மீதே புகார் வந்தால்?

பெரும்பாலான வரைவுகளில் இந்தக் கேள்வியே இருக்காது. நிர்வாகத் தலைவர் மீதான புகாரை அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்கள் விசாரிக்க முடியாது. அது மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழுவுக்குப் போக வேண்டும். அந்தக் குழுவின் முகவரியையும் பலகையில் போடுங்கள்.

எல்லாப் பாகுபாட்டையும் இந்தக் குழுவிடமே தள்ளுவது

இந்தச் சட்டம் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு மட்டும். பட்டியலினத்தவரையோ பழங்குடியினரையோ சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, அது காவல் நிலையத்துக்குப் போக வேண்டிய விஷயம், அலுவலக விசாரணையில் மூடிவைப்பதற்கில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைதீர் அலுவலர் ஒருவர் வேண்டும், திருநர்களுக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார் அலுவலர் ஒருவர் வேண்டும். இவர்களுடைய பெயரும் தொலைபேசி எண்ணும் நடைமுறையிலேயே இருக்கட்டும். அலுவலகத்தில் மட்டுமல்ல, வார்டு அலுவலகத்தில் வருகைப்பதிவு நடக்கும் இடத்திலும் ஒட்டுங்கள்.