மருத்துவமனை ஊழியர்களின் தடுப்பூசி நம்பிக்கையை அளப்பது எப்படி?

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களிடம் போய் 'தடுப்பூசி மேல் நம்பிக்கை இருக்கிறதா?' என்று மொட்டையாகக் கேட்டால் எல்லோரும் 'ஆம்' என்று டிக் அடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்கான தடுப்பூசியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை, நோயாளிக்குப் போட்ட ஊசி தவறுதலாகக் கையில் குத்தும் ஆபத்து உள்ள எல்லோருக்கும் தேவை.

படி 1: எதை அளக்கிறீர்கள்?

ஊசி பாதுகாப்பானது என்று நம்புவது ஒன்று, தான் போட்டுக்கொள்வது இன்னொன்று, கேட்பவர்களுக்குத் தயங்காமல் விளக்குவது வேறொன்று. மூன்று தவணையும் போட்ட நர்ஸ்கூட, ஒரு தாய் சந்தேகம் கேட்டால் "டாக்டரைக் கேளுங்கம்மா" என்று நழுவலாம். 2017இல் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் வதந்தி பரவியதே, அந்த மாதிரி நேரத்தில் இந்த மூன்றாவதுதான் கைகொடுக்கும். மூன்றுக்கும் தனித்தனிக் கேள்வி வையுங்கள்.

படி 2: கேள்விகள்

புதிதாக எழுதி மண்டையை உடைக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில் நான்கு பகுதிகள் உண்டு: எண்ணமும் உணர்வும், சுற்றியிருப்பவர்களின் தாக்கம், போட்டுக்கொள்ளும் விருப்பம், நடைமுறைச் சிக்கல். கடைசியை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் நைட் டியூட்டி முடிந்து வரும்போது ஊசி அறை பூட்டியிருந்தால் அது மனப்பான்மைக் கோளாறு இல்லை.

'ஊசி பாதுகாப்பானது, பலன் தரும்' என்று ஒரே வாக்கியத்தில் இரண்டைத் திணிக்காதீர்கள். பாதிக்கு மட்டும் சம்மதிப்பவர் எங்கே டிக் அடிப்பார்? அந்தக் கேள்விகளின் தமிழாக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லி ஒப்பிடுங்கள். அப்புறம் நாலைந்து ஊழியர்களிடம் படிக்கக் கொடுத்து, என்ன புரிந்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்லக் கேளுங்கள்.

படி 3: படிவத்தை யார் வாங்குவது?

என்னைக் கேட்டால் பாதி ஆய்வுகள் கெடுவது இங்கேதான். நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் கையால் படிவம் கொடுத்து, அவரே திரும்ப வாங்கினால் யார் உண்மையை எழுதுவார்கள்? பெயர் கேட்கவில்லை என்றாலும் 'பதவி: மருந்தாளுநர், வயது: 52, பெண்' என்று இருந்தால் சின்ன ஆஸ்பத்திரியில் அது யாரென்று எல்லோருக்கும் தெரியும். வயதை 30க்குக் கீழ், 30 முதல் 45 என்று தொகுத்துக் கேளுங்கள், பூட்டிய பெட்டி வையுங்கள். ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். குப்பையில் கிடக்கும் ஊசி குத்துவது தூய்மைப் பணியாளர்களுக்குத்தான், அவர்களை விட்டுவிட்டு டாக்டர், நர்ஸோடு நிறுத்தாதீர்கள். படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு வெளியாள் ஒருவர் தனியாக உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும்.

படி 4: மதிப்பெண்

'முற்றிலும் மறுக்கிறேன்' 1, 'முற்றிலும் ஏற்கிறேன்' 5. 'பக்கவிளைவை நினைத்தால் பயம்' போன்ற எதிர்மறை வாக்கியங்களுக்கு இதைத் திருப்பிப் போட வேண்டும், அதாவது 5 போட்டால் 1. எல்லாவற்றையும் கூட்டி ஒரே சராசரியாக்காமல், பகுதிவாரியாக, பணிவாரியாகப் பாருங்கள். ஒரு பகுதியின் கேள்விகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க கிரான்பாக் ஆல்ஃபா என்ற புள்ளியியல் அளவு இருக்கிறது, 0.7க்கு மேல் வந்தால் சரி. ரொம்பக் குறைவாக, அல்லது மைனஸில் வந்தால் பதறாதீர்கள், எந்தக் கேள்வியைத் திருப்பிப் போட மறந்தீர்கள் என்று முதலில் தேடுங்கள்.