தட்டுவடை செட்டிலிருந்து தொடங்குங்கள்: ஒரு குட்டி ஆங்கிலச் சொல்லைப் பிடிக்கும் வழி

சேலம் அம்மாபேட்டையில் என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். இவர்களை ஆங்கிலத்தில் மிரட்டுவது நீளமான சொற்கள் அல்ல. நீளச் சொல்லுக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான், மனப்பாடம் செய்தால் தீர்ந்தது. ஆளைக் கவிழ்ப்பதெல்லாம் மூன்றெழுத்துக் குட்டிகள். அதில் பெரிய கேடி ‘செட்’. 1989-இல் 20 தொகுதிகளாக வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில், வினைச்சொல்லாக மட்டுமே இதற்கு ஏறக்குறைய 430 பொருள்கள் இருந்தன. பயப்பட வேண்டாம். அத்தனையையும் படிக்கச் சொல்லப்போவதில்லை.

முதலில் ஒரு பழைய நோட்டில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு நாள் முழுக்கக் காதில் விழும் ‘செட்’டை எல்லாம் அதில் எழுதுங்கள். சேலத்தில் இது கஷ்டமே இல்லை. பம்ப் செட், பல்செட், செட் தோசை, ‘அவன் நம்ம செட்டு இல்லடா’, ‘கான்கிரீட் செட் ஆகட்டும், அப்புறம் பலகையைப் பிரிக்கலாம்’, ‘இந்தக் கலர் உனக்கு செட் ஆகல’. ஒரு பெண் தன் தாத்தா சொன்னதாக ‘சினிமா செட்’ என்று எழுதி வந்தாள். டி.ஆர். சுந்தரம் 1935-இல் ஏற்காடு சாலையில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவில் போட்ட செட்டுகளைத் தாத்தா பார்த்திருக்கிறாராம். இன்று அங்கே மிஞ்சி நிற்பது முகப்பு வளைவுதான்.

எழுதியதை இரண்டு குவியலாகப் பிரியுங்கள். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது.

சாயங்காலம் தள்ளுவண்டிப் பக்கம் போய் நின்று பாருங்கள். அண்ணன் ஒரு தட்டுவடையை எடுத்து அதன்மேல் சிவப்புச் சட்டினி தடவுவார், பச்சைச் சட்டினி தடவுவார், துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் அள்ளி வைப்பார், இன்னொரு தட்டுவடையால் மூடி லேசாக ஓர் அமுக்கு அமுக்குவார். ‘நறுக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், ஆனால் உடையாது. அதுதான் செட். சேர்ந்தே இருக்க வேண்டியவை சேர்ந்திருக்கின்றன. செட் தோசை, பம்ப் செட், ‘நம்ம செட்டு’ எல்லாம் இந்தக் குவியல். இந்தச் ‘செட்’ பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘செக்டா’விலிருந்து வந்தது. ஒருவர் பின்னால் போகும் கூட்டம் என்று பொருள். மதப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’டும் அதே சொல்தான்.

இன்னொரு குவியலின் ‘செட்’ ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளை. ‘சிட்’ என்றால் உட்கார். ‘செட்’ என்றால் உட்கார வை. நம்முடைய தன்வினை, பிறவினைதான். உருள் என்பதற்கு உருட்டு, அடங்கு என்பதற்கு அடக்கு என்று தமிழில் கணக்கில்லாமல் இருக்கிறது. ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட ஜோடிகள் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன: சிட், செட், ரைஸ், ரெய்ஸ், லை, லே. இரண்டு ‘செட்’டும் ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு என்பதால் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்தும் போயின. எந்தக் குவியல் என்று சந்தேகம் வந்தால் ‘ஜோடியா, வைத்ததா?’ என்று கேளுங்கள். முக்கால்வாசி தெளிந்துவிடும்.

இது தெரியாமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. படிப்பு முடிந்த புதிதில் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, ‘டேபிளை செட் பண்ணிடுங்க’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். நான் மேசையை ஜன்னலோரம் நகர்த்தி, ஆடிக்கொண்டிருந்த காலுக்குக் கீழே அட்டையை மடித்துச் சொருகி, ஆட்டிப் பார்த்துவிட்டுப் பெருமையாக நின்றேன். அவர் எதிர்பார்த்தது தட்டு, ஸ்பூன், தண்ணீர் டம்ளர் எல்லாம் சாப்பாட்டுக்கு எடுத்து வைப்பதை. பிள்ளைகள் இரண்டும் பசியோடு வெறும் மேசையைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்கு ராத்திரி யோசித்தபோதுதான் சாவி கிடைத்தது. ‘வை’! வைக்கும் குவியலுக்கு நம் ‘வை’யைப் போட்டுப் பாருங்கள். அலாரம் வை, டெஸ்ட் வை, நெருப்பு வை, எலிக்குப் பொறி வை, விலை வை, கெடு வை, மனசு வை. எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’ சொல்லலாம். சாப்பாடு எடுத்து வைப்பதும் இதே ‘வை’தான்! ஆனால் குழம்பு வைப்பதற்கும் பொட்டு வைப்பதற்கும் பெயர் வைப்பதற்கும் ‘செட்’ வராது. எங்கே இரண்டும் ஒத்துப்போகிறது, எங்கே பிரிகிறது என்று இரண்டு பத்தியாக எழுதிவையுங்கள். பிரியும் இடங்களைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

சில ‘செட்’ யாரும் வைக்காமல் தானே நடக்கும். தயிர் உறைவது, கான்கிரீட் இறுகுவது, சூரியன் மறைவது. அசைந்துகொண்டிருந்தது அடங்கி ஓரிடத்தில் உட்காருகிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் ‘லேடீஸ் சீட்’ என்ற காட்சிமுனையில் நின்று சூரியன் இறங்குவதைப் பார்த்தால் இது மறக்கவே மறக்காது. அந்த ‘சீட்’டும் இந்தச் ‘செட்’டும் ஒரே வேர். அதே வேரிலிருந்து சமஸ்கிருதத்தில் ‘சத்’, அதாவது உட்கார்தல், அமைதல். சதஸ், உபநிஷத் எல்லாம் அதன் பிள்ளைகள். கோட்டை மாரியம்மன் கோயிலில் கையில் வாங்குகிறோமே, பிரசாதம், அதுவும் இந்த வீட்டுச் சொந்தம்தான். இதைச் சொன்ன அன்று வகுப்பில் யாரும் நம்பவில்லை.

வால் சேர்ந்தால் பொருள் மாறும், அதை வாலோடு சேர்த்தே படியுங்கள். செட் ஆஃப் என்றால் கிளம்பு, செட் அசைட் என்றால் ஒதுக்கி வை, செட் அப் என்றால் நிறுவு. இன்றைக்கு மூன்று போதும். இறந்தகாலத்திலும் ‘செட்’ மாறாது, ‘செட்டட்’ என்று எழுதினால் என்னிடம் குட்டு விழும். ‘கலர் செட் ஆகல’ என்பது நாமே உண்டாக்கிக்கொண்டது. தமிழில் தாராளமாகப் பேசுங்கள், ஆங்கிலப் பரீட்சையில் மட்டும் எழுதாதீர்கள்.

தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்று கூடுதல். ஓர் அங்குலத்தில் எத்தனை பாவு இழை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், என்ற கணக்குக்கு ஆங்கில நெசவாளர் சொல்வதும் ‘செட்’தான், கடைசியில் ஒரு ‘டி’ கூடுதலாக எழுதுவார்கள். ஒரு பையன் அதை வீட்டில் போய்ச் சொல்ல, அவன் அப்பா தறியை நிறுத்திவிட்டு ‘இன்னொரு தரம் சொல்லு’ என்றாராம்.

‘செட்’ பிடிபட்டுவிட்டால் அடுத்து ‘ரன்’னை எடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியைத் திருத்தியபோது அது 645 பொருளோடு செட்டை முந்திவிட்டது. இதற்கும் தமிழில் சாவி இருக்கிறது: ஓடு. பஸ் ஓடுகிறது, தறி ஓடுகிறது, படம் ஓடுகிறது, கடை ஓடுகிறது. மூக்குக்கு மட்டும் பார்த்து எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஓடும், நம்மிடம் ஒழுகும்.