மோட்டோகிராஸ் ஹெல்மெட் வாங்குவது எப்படி?

மண்தடத்தில் பைக் ஓட்டும் பந்தயமான மோட்டோகிராஸில் இறங்குபவர் விழத்தான் செய்வார். மண்மேடுகளில் தாவுவதும் பள்ளம் விழுந்த வளைவுகளில் வண்டியைச் சாய்த்துத் திருப்புவதுமான இந்த விளையாட்டில், விழுவது என்றோ ஒருநாள் நேரும் விபத்தன்று. பயிற்சியோடு சேர்ந்தே வருவது. எனவே ஹெல்மெட்டுக்கு எவ்வளவு செலவழிப்பது என்று முடிவு செய்யும்போதே, ஒரு பலத்த அடிக்குப் பிறகு அதைக் கழித்துவிட்டு இன்னொன்று வாங்க மனம் வருமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். சேமிப்பையெல்லாம் கொட்டி வாங்கிய கார்பன் ஃபைபர் ஹெல்மெட்டை அடிபட்ட பின்னும் விட மனமின்றி மாட்டிக்கொள்பவரைவிட, தரச்சான்று பெற்ற நடுத்தர விலை ஹெல்மெட்டை வாங்கி, அடிபட்டதும் மாற்றிவிடுபவரே பாதுகாப்பாக இருக்கிறார் என்பது என் கருத்து.

ஹெல்மெட் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இதன் காரணம் புரியும். வெளி ஓடு, கல்லோ ஹேண்டில்பாரோ உள்ளே துளைத்துவிடாமல் தடுத்து, அடியின் வேகத்தைப் பரந்த இடத்துக்குப் பிரித்துவிடுகிறது. அதற்குள்ளே இருக்கும் ஈபிஎஸ் என்னும் நுரைதான், அதாவது நாம் தெர்மோகோல் என்று சொல்லும் பொருளின் அடர்த்தியான வகைதான், தலையை உண்மையில் காப்பாற்றுகிறது. அடி விழும் சில மில்லி வினாடிகளில் அது நசுங்கி, தலை நிற்பதற்குச் சற்றுக் கூடுதலான நேரத்தையும் தூரத்தையும் கொடுக்கிறது. ஒருமுறை நசுங்கிய நுரை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. வெளியே கீறல்கூட இல்லாத ஹெல்மெட்டின் உள்ளே நுரை நசுங்கியிருக்கலாம் என்பதால், பிறர் பயன்படுத்திய ஹெல்மெட்டை நண்பரே இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளக் கூடாது.

சாலையில் போடும் ஹெல்மெட் இதற்குப் பொருந்தாது. மோட்டோகிராஸ் ஹெல்மெட்டில் மூச்சு வாங்க இடம் இருக்கும்படி தாடைப் பகுதி முன்னே நீண்டிருக்கும். கண்ணாடி மூடிக்குப் பதிலாக காகிள் அணியும் அளவுக்கு முகப்பு திறந்திருக்கும். முன்னால் ஓடும் வண்டி வாரியிறைக்கும் மண்ணையும் எதிர்வெயிலையும் தடுக்க மேலே பீக் என்னும் நீண்ட விளிம்பு இருக்கும். தரையில் மோதும்போது அந்த பீக் கழுத்தைத் திருகிவிடாமல் கழன்றோ உடைந்தோ போக வேண்டும் என்பதற்காகவே அதைப் பெரும்பாலும் பிளாஸ்டிக் திருகாணிகளால் பொருத்துகிறார்கள். அவற்றில் ஒன்று தொலைந்துபோனால் இரும்புத் திருகாணியை முடுக்கிவிடக் கூடாது. கடையில் பார்க்கும்போது தாடைப் பகுதிக்குள் விரலை விட்டு அழுத்திப் பாருங்கள். அங்கும் கெட்டியான நுரை இருக்க வேண்டும். வெறும் பிளாஸ்டிக்கும் அதன்மேல் மெல்லிய ஸ்பாஞ்சும் மட்டும் இருந்தால் வேறொன்றைப் பார்க்கலாம்.

அடுத்தது தரச்சான்று. இந்தியாவில் 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத இருசக்கர வாகன ஹெல்மெட்டை விற்கக் கூடாது. இதற்கான தரநிலையின் எண் ஐஎஸ் 4151. வெளிநாட்டு முத்திரைகளில் அமெரிக்காவின் டாட் முத்திரையைத் தயாரிப்பாளரே சோதித்துத் தாமே ஒட்டிக்கொள்ளலாம். அரசு பின்னர் சந்தையிலிருந்து சிலவற்றை எடுத்துச் சோதிக்கும். ஐரோப்பாவின் ஈசிஇ முத்திரைக்கோ, விற்பனைக்கு வருமுன்பே சோதனைக்கூடத்தில் தேறியிருக்க வேண்டும். அதன் புதிய பதிப்பான 22.06, ஒரே வேகத்தில் மட்டுமின்றிக் குறைந்த வேகத்திலும் கூடுதல் வேகத்திலும் மோதிப் பார்ப்பதோடு, 45 பாகை சரிவின்மீதும் மோதித் தலை சுழலும் அளவைக் கணக்கிடுகிறது. மண்தடத்தில் விழுபவர் நேர்செங்குத்தாக விழுவது அரிது என்பதால், டாட், ஈசிஇ இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால் நான் 22.06 பக்கமே சாய்வேன். தாடை வாரில் தைத்திருக்கும் ஈசிஇ சீட்டில் பி என்ற ஆங்கில எழுத்து இருந்தால் தாடைப் பகுதி பாதுகாப்புச் சோதனையில் தேறியது என்று பொருள். என்பி என்றிருந்தால் அந்தப் பகுதி பாதுகாப்பு தராது. போட்டியில் கலந்துகொள்ள நினைப்பவர்கள், எந்தெந்தச் சான்றுகளை ஏற்கிறார்கள் என்பதை அமைப்பாளர்கள் வெளியிடும் விதிமுறைகளில் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும்.

சுழற்சி அதிர்ச்சியைக் குறைக்க, ஸ்வீடனில் உருவான மிப்ஸ் என்னும் மெல்லிய அடுக்கு, பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில், பல ஹெல்மெட்டுகளின் உள்ளே இருக்கிறது. மோதும்போது அது 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நகர்ந்துகொடுக்கும். வேறு சில நிறுவனங்கள் இரண்டு நுரை அடுக்குகளுக்கு நடுவே ரப்பர் போன்ற தாங்கிகளை வைக்கின்றன. இவை நல்லவையே, ஆனால் தலைக்குப் பொருந்தாத ஹெல்மெட்டில் இவை இருந்து பெரிய பயனில்லை.

பொருத்தம் பார்ப்பதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். தையற்காரர் பயன்படுத்தும் டேப்பைப் புருவத்துக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் மேலே வைத்து, காதுகளுக்கு மேலாகக் கொண்டுபோய், பின்தலை மிகவும் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி அளந்து, அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் லார்ஜாக இருக்கும். மாட்டிய பிறகு கன்னங்கள் நன்றாக அழுந்த வேண்டும். எதையாவது மெல்வதுபோல வாயை அசைத்தால் கன்னத்தின் உட்புறம் பல்லில் படுமளவுக்கு இறுக்கம் இருந்தால் அது சரியான அளவு. புதிதில் இதமாக இருப்பது, ஸ்பாஞ்சு அமுங்கியதும் தொளதொளத்துவிடும். வாரைப் பூட்டிக்கொண்டு ஹெல்மெட்டை இடம் வலமாகத் திருப்பிப் பாருங்கள்: நெற்றித் தோல் அதனோடு சேர்ந்து நகர வேண்டும், ஹெல்மெட் தனியாக வழுக்கக் கூடாது. பிறகு பின்புற அடிவிளிம்பைப் பிடித்து முன்னோக்கித் தூக்குங்கள். கண்ணை மறைக்கும் அளவுக்குச் சரிந்தால், விலை எதுவானாலும் அது உங்களுக்கானதன்று.

இவ்வளவும் தேறினாலும் உடனே பணத்தைக் கொடுத்துவிடாமல் இருபது நிமிடமாவது போட்டுக்கொண்டே நில்லுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கழற்றியதும் நெற்றியின் நடுவில் சிவந்த தடம் தெரிந்து, காதுக்கு மேலே இடைவெளியும் இருந்திருந்தால், உங்கள் தலை நீள்வடிவமானது, ஹெல்மெட்டின் உட்புறம் உருண்டையானது. நெற்றிப்பொட்டுகள் இரண்டும் வலித்து, முன்னும் பின்னும் இடம் இருந்தால் அதற்கு நேர்மாறு. இரண்டையும் பெரிய அளவு வாங்கிச் சரிசெய்ய முடியாது. வேறு மாடலோ வேறு நிறுவனமோதான் வழி. கன்னப் பகுதி மட்டும் பொருந்தவில்லை என்றால், வேறு கனத்தில் கன்னப் பேட் கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

உங்கள் காகிளையும் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். அதன் சட்டம் முகப்புக்குள் முழுமையாக அமர வேண்டும்; தாடைப் பகுதி அதைக் கீழிருந்து தள்ளி மூக்கை அழுத்தக் கூடாது. கழுத்துப் பாதுகாப்புக்கு நெக் பிரேஸ் அணிபவர்கள் அதையும் மாட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தும்போது ஹெல்மெட் அதில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வார் பூட்டில் இரட்டை டி வளையம்தான், அதாவது ஆங்கில டி எழுத்து வடிவிலான இரண்டு வளையங்களுக்குள் வாரைக் கோத்து இறுக்கும் முறைதான், போட்டிகளில் வழக்கம். பழகும்வரை சற்று எரிச்சலூட்டினாலும், ஒவ்வொரு முறையும் கச்சிதமாக இறுகும். கன்னப் பேடுகளின் அடியில் சிவப்பு நாடா இருக்கிறதா என்றும் பாருங்கள்: விழுந்து கிடப்பவரின் கழுத்தை அசைக்காமல் ஹெல்மெட்டைக் கழற்ற, உதவிக்கு வருபவர் முதலில் அந்தப் பேடுகளை உருவிவிடலாம்.

ஓடு பாலிகார்பனேட்டா, ஃபைபர் கிளாஸா, கார்பனா என்பது முக்கியமாக எடையையும் விலையையும் பற்றியது. எடை குறைந்தால் நாள் முழுக்க ஓட்டும் கழுத்துக்கு நிம்மதி, அவ்வளவே.

பிள்ளைகளுக்கு வாங்கும்போது, வளர்கிற பிள்ளை என்று பள்ளிச் சீருடையைப் பெரிதாகத் தைப்பதுபோல ஹெல்மெட்டையும் பெரிதாக வாங்கிவிடாதீர்கள். இன்றைய தலைக்கு இன்றைய அளவுதான். அவர்கள் கழுத்துக்கு எடை இன்னும் பெரிய சுமை என்பதால், சிறுவர்களுக்கென்றே சிறிய ஓட்டில் செய்யப்பட்டதைத் தேடுங்கள்.

அடிபடாவிட்டாலும் ஐந்து ஆண்டுகளில் மாற்றிவிடுவது பொதுவான பரிந்துரை. வியர்வையிலும் வெயிலிலும் அடிக்கடி பயன்படுத்துபவர்கள் அதற்கு முன்பே மாற்றலாம். உள்துணியை மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பெட்ரோலோ தின்னரோ ஓட்டில் படவே கூடாது. கழித்த ஹெல்மெட்டைக் குப்பையில் போடுமுன் தாடை வாரை அறுத்துவிடுங்கள். வேறொருவர் அதை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்ள வாய்ப்பிருக்காது.