வெட்டரன்ஸ் ஹோம் அப்ளிகேஷன்: 40 + 30 = 70 இல்லைங்க

என் மாமனார் அமெரிக்கர், வியட்நாம் போருக்குப் போயிட்டு வந்தவர். அவரை எங்க மாநிலத்து வெட்டரன்ஸ் ஹோம்ல (முன்னாள் ராணுவத்தினருக்கான இல்லம்) சேர்க்க நானும் மனைவியும் அலைஞ்சதுல கத்துக்கிட்டதை வெச்சு இப்ப தெரிஞ்சவங்களுக்கு பேப்பர் வேலைல கூடமாட உதவுறேன், போன மாசம் ஒரு குடும்பம் நாங்க பண்ணின அதே கூத்தை அச்சு பிசகாம பண்ணிட்டு வந்து உக்காந்தாங்க, அதான் எழுதிடலாம்னு. கையெழுத்து விட்டுப்போச்சு, தேதி தப்பு இதெல்லாம் சொல்லப்போறதில்ல, ஆபீஸ்லயே திருப்பி அனுப்பிடுவாங்க.

வி.ஏ.வும் ஹோமும் ஒண்ணுன்னு நினைக்கிறது

ஹோமை வெச்சிருக்கறது மாநிலம். வி.ஏ.ங்கறது முன்னாள் ராணுவத்தினருக்கான அமெரிக்க மத்திய அரசுத் துறை, அது அங்கீகாரம் குடுத்து ஆளுக்கு இவ்வளவுன்னு தினப்படி பணம் குடுக்கும், அவ்ளோதான். எத்தனை நாள் அந்த மாநிலத்துல குடியிருந்திருக்கணும், மனைவியையும் சேர்ப்பாங்களா, எல்லாம் இடத்துக்கு இடம் மாறும். டெக்ஸாஸ் மச்சான் சொன்னதைக் கேட்டு ஒஹையோல அப்ளை பண்ணாதீங்க.

பர்சன்டேஜை சும்மா கூட்டுறது

இதை நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது. சர்வீஸால வந்த பாதிப்புகளுக்கு வி.ஏ. போடற மொத்த ரேட்டிங் 70 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா, அங்கீகாரம் உள்ள ஹோம்ல நர்சிங் கேர் செலவை வி.ஏ.வே முழுசா ஏத்துக்கும். கீழ இருந்தா தினப்படி போக மிச்சம் பெரும்பாலும் நம்ம தலைல. மாமனாருக்கு முதுகுக்கு 40, பி.டி.எஸ்.டி.க்கு (போர் அதிர்ச்சியால வர்ற மனப் பாதிப்பு) 30. ஆக 70, கதை முடிஞ்சுதுன்னு சொன்னது நான்தான், மேத்ஸ் படிச்சவன் வேற.

வி.ஏ. கணக்கு அப்படி இல்ல. ஆள் 100, அதுல 40 போனா மிச்சம் 60. அடுத்த 30 சதவீதத்தை அந்த 60ல தான் எடுப்பாங்க, அது 18. ஆக 58, பக்கத்துல இருக்கற பத்துக்கு மாத்தினா 60. ரேட்டிங் லெட்டர்லயே கம்பைண்ட் 60ன்னு தெளிவா போட்டிருந்துச்சு, நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்ல. முதல் மாச பில்லு வந்தப்பதான் திருப்பினேன்.

அதைவிடக் கொடுமை அவரோட சர்க்கரை. வருஷக்கணக்கா மாத்திரை, பத்தியம். வியட்நாம் மண்ணுல சர்வீஸ் பண்ணினவங்களுக்கு டைப் 2 சர்க்கரை வந்தா அது அங்க அமெரிக்க ராணுவம் தெளிச்ச ஏஜென்ட் ஆரஞ்சுங்கற களைக்கொல்லியால வந்ததாவே எடுத்துக்குவாங்க, நாம நிரூபிக்கத் தேவையில்ல. இவர் கிளெய்மே போடல. கேட்டா ‘எனக்கென்ன கேடு, என்னைவிட மோசமாத் திரும்பினவன் எத்தனை பேரு’ம்பாரு. மாத்திரையும் பத்தியமும்னா அதுக்கு 20. மிச்சம் 42ல 20 சதவீதம் 8 சொச்சம், 58ஓட சேர்த்தா 66, ரவுண்டு பண்ணினா 70! ஒரு ஃபார்ம் போடாததுக்கு மாசாமாசம் செக் எழுதினோம். 2022ல பேக்ட் ஆக்ட்னு ஒரு சட்டம் வந்தப்புறம் ரத்தக் கொதிப்பும் இப்படி நிரூபிக்கத் தேவையில்லாத நோய்கள் லிஸ்ட்ல இருக்கு, அதனால ஹோம் ஃபார்மைத் தொடுறதுக்கு முன்னாடி அப்பாவோட மாத்திரை டப்பாவைத் திறந்து ஒவ்வொண்ணா பாருங்க. கிளெய்ம் போடப்போறோம்னு முன்கூட்டியே சொல்ற ‘இன்டென்ட் டு ஃபைல்’ போட்டா அந்தத் தேதி நமக்கு நிக்கும், கிளெய்மை முடிக்க ஒரு வருஷம் டைம் இருக்கு.

டிடி-214 இல்லாம கிளம்பறது

இது ராணுவத்துல இருந்து விலகினப்ப குடுக்கற சான்று. தொலைஞ்சிருந்தா செயின்ட் லூயிஸ்ல இருக்கற ஆவணக் காப்பகத்துக்கு இன்னிக்கே எழுதுங்க. 1973 தீ விபத்துல, 1960க்கு முன்னாடி ஆர்மில இருந்து விலகினவங்க ஃபைல் பெரும்பகுதி எரிஞ்சு போச்சு, கொரியாப் போர் தாத்தாக்களுக்கு இன்னும் அலைச்சல்.

டாக்டர்கிட்ட பெருமை பேசறது

‘தானே குளிச்சுப்பார்’னு சொல்லாதீங்க. நீங்கதானே குளிப்பாட்டறீங்க?

வீட்டை மகன் பேருக்கு மாத்தறது

சொத்தை யாருக்காவது மாத்தினோமான்னு மெடிக்கெய்டு (வருமானம் கம்மியானவங்களுக்கான அரசு மருத்துவ உதவி) பொதுவா 5 வருஷம் பின்னாடி போய்ப் பாக்கும், வி.ஏ. பென்ஷனுக்கு 3 வருஷம். வக்கீலைக் கேக்காம தொடாதீங்க.

காசு குடுத்து கிளெய்ம் போடறது

கவுன்ட்டி சர்வீஸ் ஆபீசர், அமெரிக்கன் லீஜன், டி.ஏ.வி. மாதிரி முன்னாள் ராணுவத்தினர் சங்கங்கள் எல்லாரும் ஃப்ரீயா போட்டுத் தர்றாங்க.

ஒரே ஹோம்ல பேர் குடுத்துட்டு உக்காந்திருக்கறது

ஞாபக மறதிக்குன்னு தனி வார்டு எல்லா ஹோம்லயும் கிடையாது. முதல் போன்லயே கேட்டுருங்க, நாங்க கேக்கல.