வாத்து வேட்டைப் படகில் மட் மோட்டார்: பொருத்தும் முறையும் டியூனிங்கும்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கடலோரச் சதுப்புகளில் குளிர்காலத்தில் வாத்து வேட்டைக்குச் செல்வோரின் படகு, முழங்கால் ஆழமே உள்ள நீரிலும், அதற்கும் கீழே கிடக்கும் சேற்றிலும், மரக்கட்டைகளுக்கும் கோரைகளுக்கும் இடையிலும் ஓட வேண்டியிருக்கிறது. படகின் பின்புறம் வெளியே மாட்டும் சாதாரண அவுட்போர்டு இயந்திரம் தன்னைக் குளிர்விக்க வெளியிலிருந்து நீரை இழுப்பதால், அங்கே சேற்றையும் சேர்த்து இழுத்து விரைவில் சூடேறிவிடும். மட் மோட்டார் என்பது ஜெனரேட்டர்களிலும் புல்வெட்டும் இயந்திரங்களிலும் இருக்கும் வகையைச் சேர்ந்த, காற்றால் குளிரும் இயந்திரமாகும். இதில் இரண்டு வகைகள் உண்டு. நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் சுழல்வது லாங் டெயில். பேட்டன் ரூஜ் நகரத்துக் கோ-டெவில் நிறுவனம் பெயர் பெற்றது இந்த வகையால்தான். தமிழகக் கரையோர ஃபைபர் படகுகளின் நீண்ட தண்டு டீசல் இயந்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு உடனே விளங்கும். மற்றொன்று, பெல்ட் வழியாக விசையைக் கீழிறக்கி, பாதி நீருக்கு வெளியே இருக்கும் புரொப்பல்லரைச் சுழற்றும் சர்ஃபேஸ் டிரைவ்.

படகு வேகம் எடுக்கவில்லை என்றால் பலரும் முதலில், எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரில்தான் கை வைக்கிறார்கள். பெரும்பாலும் குறை இருப்பது படகின் பின்முனையில் மோட்டாரைத் தாங்கும் பின்பலகையிலோ, எடைப் பங்கீட்டிலோ, புரொப்பல்லரிலோதான். ஆகவே அந்த வரிசையிலேயே சரிபார்த்துக்கொண்டு வந்து, கார்பரேட்டரைக் கடைசியாகத் தொடுவது நல்லது.

முதலில் பின்பலகை. 16 அடி நீளமும் 48 அங்குல அடிப்பாக அகலமும் கொண்ட தட்டையான அலுமினியப் படகை அங்கே "1648" என்றே சொல்வார்கள். அதில் ஏற்றும் பெரிய சர்ஃபேஸ் டிரைவ் மோட்டாரின் எடை 100 கிலோவைத் தாண்டும். அந்த எடையோடு, கட்டையில் மோதும்போது ஏற்படும் அதிர்ச்சியையும் பின்பலகையே தாங்க வேண்டும் என்பதால், அதன் உள்ளே இருக்கும் மரம் உளுத்திருக்கிறதா என்பதைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். மந்தமான, உள்ளே வெறுமையான ஓசை வந்தால் பலகையை மாற்றாமல் மோட்டாரை ஏற்றக் கூடாது. திருகுப் பிடிகளை மட்டும் நம்பாமல், துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை ஊடுருவச் செலுத்தி, உட்புறம் அகலமான தகடு வைத்து, துளைகளுக்குப் படகுக்கான சீலன்ட் பூசி இறுக்க வேண்டும். துளையின் வழியே கசியும் நீர்தான் மரத்தை உளுக்கச் செய்கிறது.

உயரத்தையும் சாய்வையும் மோட்டார் நிறுவனம் தரும் அளவுப்படியே வைக்க வேண்டும். லாங் டெயிலில் பின்பலகை தேவைக்கு மேல் உயர்ந்திருந்தால், தண்டு செங்குத்தாக இறங்கி, தள்ளுவிசையின் ஒரு பகுதி படகின் பின்புறத்தை மேலே தூக்குவதில் வீணாகிறது. மூக்கும் நீரில் அழுந்துகிறது. சர்ஃபேஸ் டிரைவில், படகு வேகமாக ஓடும் நிலையில் புரொப்பல்லருக்கு மேலுள்ள தகடு படகின் அடிப்பகுதிக்கு ஏறக்குறைய இணையாக அமைய வேண்டும். மூக்கு நீரை உழுதுகொண்டு போனால் டிரிம்மை, அதாவது மோட்டாரின் சாய்வை, சற்று உயர்த்த வேண்டும். மூக்கு தவளைபோல் எழுந்து விழுந்தால் தாழ்த்த வேண்டும்.

அடுத்து எடை. மோட்டார், ஓட்டுநர், பேட்டரி, பெட்ரோல் டேங்க் எல்லாம் பின்னாலேயே குவிந்தால் படகு நீர்மேல் எழும்பாது. பேட்டரியையும் டேங்க்கையும் முன்பக்கம் நகர்த்தினால், புரொப்பல்லரை மாற்றாமலேயே கண்கூடான வித்தியாசம் தெரியும். வாத்துகளைக் கவர மிதக்கவிடும் போலி வாத்துகளின் மூட்டைகள், நாய், துப்பாக்கிப் பெட்டி என வேட்டைநாளில் ஏற்றும் சுமை அனைத்தையும் ஏற்றிய பிறகே சோதனை ஓட்டம் செய்ய வேண்டும். வெறும் படகில் சரிசெய்த மோட்டார், வேட்டைநாள் விடியற்காலையில் ஏமாற்றிவிடும்.

சோதனை ஓட்டத்துக்கு, ஸ்பார்க் பிளக் வயரைச் சுற்றிக் கட்டி, இயந்திரத்தின் சுற்று வேகத்தைக் காட்டும் சிறிய டேக்கோமீட்டர் ஒன்று அவசியம். செவியை மட்டும் நம்பிப் பயனில்லை. இவ்வகை இயந்திரங்கள் பலவற்றுக்கும் சுமையோடு கூடிய உச்ச வேகம் நிமிடத்துக்கு 3600 சுற்றுகள். த்ராட்டிலை முழுவதும் திறந்தும் அந்த அளவை எட்ட முடியாமல் இயந்திரம் திணறினால், புரொப்பல்லரின் விட்டமோ, ஒரு சுற்றில் முன்னேறும் தூரமான பிட்ச்சோ அதற்கு அதிகம் என்று பொருள். எளிதில் எட்டி, வேகம் வரம்பு மீறாமல் தடுக்கும் கவர்னர் கட்டுப்படுத்தும் ஓசை கேட்டால், ஓரளவு பெரிய புரொப்பல்லரைப் பொருத்திப் பார்க்கலாம். அதற்கு முன் இப்போதுள்ள புரொப்பல்லரின் ஓரங்களைத் தடவிப் பார்ப்பதும் நல்லது. மணல் கலந்த சேறு அவற்றை அரம்போல் தேய்த்துவிடும். கவர்னர் ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி வேகத்தைக் கூட்டுவது இம்மோட்டார் வைத்திருப்போரிடையே பரவலான பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வரம்புக்காகவே வடிவமைக்கப்பட்ட, பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராட் உடைந்தால், இயந்திரத்தின் வார்ப்புப் பெட்டியே பிளந்துவிடும்.

கைப்பிடி எப்போதும் ஒரே பக்கம் இழுத்தால், அது புரொப்பல்லர் சுழற்சியின் எதிர்விசை. புரொப்பல்லருக்குக் கீழே துடுப்புபோல் நிற்கும் ஸ்கெக் தகட்டிலோ, அதில் உள்ள சிறு வளைதகட்டிலோ சிறிது சிறிதாக மாற்றம் செய்து, ஒவ்வொரு முறையும் நேராக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரேயடியாக வளைத்துவிட்டால் இழுப்பு மறுபக்கம் திரும்பிவிடும்.

இவை அனைத்தும் சரியான பிறகே கார்பரேட்டர். இயந்திரம் சூடேறிய பின் ஓடும் நிலையில், காற்று வரும் வழியை அடைக்கும் சோக்கைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள்: ஓட்டம் சீரானால் எரிபொருள் போதாமல் கலவை மெலிந்திருக்கிறது, மேலும் திணறிக் கரும்புகை விட்டால் கலவை செறிந்திருக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் பீங்கான் வெளிறி வெள்ளையாக இருந்தால் மெலிவு, கரிபிடித்திருந்தால் செறிவு. மெலிந்த கலவையே அதிக ஆபத்தானது. காற்றால் மட்டும் குளிரும் இயந்திரத்தை அது விரைவில் சூடேற்றிவிடும். ஏர் ஃபில்டரையோ சைலன்சரையோ மாற்றியவர்கள், கார்பரேட்டரில் எரிபொருள் பாயும் துளையான மெயின் ஜெட்டையும் பெரிதாக்க வேண்டியிருக்கும். கிளட்ச் இல்லாத லாங் டெயிலில் இயந்திரம் ஓடும்வரை புரொப்பல்லரும் சுழலும் என்பதால், த்ராட்டில் திறக்காதபோது ஓடும் வேகமான ஐட்லிங்கைத் தாழ்வாக வைப்பதோடு, ஸ்டார்ட் செய்யும்போது முனையை நீருக்கு மேலே தூக்கி, அருகில் யாரும் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய இயந்திரத்தின் ஆயிலை முதல் 5 மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு மாற்றுவது வழக்கம். ஆயில் அளவை, இயந்திரத்தைச் சமமாக வைத்தே பார்க்க வேண்டும். சாய்ந்த இயந்திரத்தில் அளவு தவறாகவே தெரியும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அடிமுனையில் கிரீஸ் ஏற்றும்போது வெளியே வருவது பால்நிறமாக இருந்தால், சீல் வழியே தண்ணீர் நுழைந்திருக்கிறது. புரொப்பல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட மீன்பிடி நரம்புதான் பெரும்பாலும் சீலைக் கிழித்திருக்கும். சர்ஃபேஸ் டிரைவின் பெல்ட் முதல் சில மணி நேரத்தில் நீண்டு தளரும் என்பதால், தொடக்கத்தில் அடிக்கடி இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். ஃப்ளைவீல் மேலுள்ள வலையில் கோரைப் பஞ்சு ஒட்டியிருந்தால் காற்றோட்டம் அடைபடும். மறைவுக்காக மோட்டார் மீது போர்த்திய வலையையும் புல்லையும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் எடுத்தே ஆக வேண்டும். சூடான சைலன்சரில் அது பற்றிக்கொள்ளும்.

கில் சுவிட்ச் என்பது, ஓட்டுநர் விழுந்தால் உடலோடு கட்டிய கயிறு இழுபட்டு இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்ச். 26 அடிக்குக் குறைந்த, 3 குதிரைத்திறனோ அதற்கு மேலோ உள்ள மோட்டார் பொருத்திய படகில் அது இருந்தால், படகு வேகமாக ஓடும்போது அதன் கயிற்றை மாட்டிக்கொள்வது 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்காவில் சட்டப்படி கட்டாயம். அதோடு, மோட்டாரை முழுவதும் அணைத்து, அதனால் ஏற்பட்ட நகர்வும் நின்ற பிறகே படகிலிருந்து வாத்தைச் சுடலாம் என்பது அந்நாட்டுக் கூட்டாட்சி விதி. ஆகவே கில் சுவிட்ச் உண்மையிலேயே இயந்திரத்தை நிறுத்துகிறதா என்பதைச் சோதனை ஓட்டத்திலேயே ஒருமுறை கயிற்றை இழுத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.